மழை பொய்த்த ஆண்டுகளும் பழவேற்காடும்

கடலை நம்பி வாழ்வோர்க்கு மழையால் ஆவதென்ன எனப் பலர் எண்ணுவர். பழவேற்காட்டு ஏரியின் வரலாறு அவ்வெண்ணத்தை மறுக்கின்றது. ஆரணியாறும் காளங்கியும் கொணரும் நன்னீர் வங்கக் கடலின் உவர்நீரோடு கலக்கும் காயல் இது. வடகிழக்குப் பருவமழை செழித்தால் வெள்ளம் முகத்துவாரத்து மணல்மேட்டை அறுத்துக் கடலைச் சேரும். அவ்வழியே இறாலும் மீனும் ஏரிக்குள் புகும். மழை குன்றினால் முகத்துவாரம் தூர்ந்து, நீர் உப்பேறி, வலை வெறுமையாகும். மழையின்றேல் கடலும் வளங்குன்றும் என வான்சிறப்பில் வள்ளுவர் உணர்த்திய கருத்துக்கு இக்காயல் தக்க சான்றாகும்.

1610இல் டச்சுக்காரர் இங்குக் கால்கொண்டு, 1613இல் கெல்திரியா கோட்டையை எழுப்பினர். துணி கொள்ள வந்தோர் பஞ்சம் நேர்ந்தபோது மனிதரையும் விலைக்குக் கொண்டனர். 1622–23இல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து ஏறத்தாழ 1,900 பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். இதற்கு மழையின்மையை மட்டுமே காரணமாகக் கூறுதல் பொருந்தாது. பஞ்சத்தோடு போரும் சேர்ந்து எளியோரை நலிவித்தது; அந்நலிவை வணிகம் பயன்படுத்திக்கொண்டது.

1876–78இல் பசிபிக் பெருங்கடலில் எழுந்த எல் நினோவை ஒட்டிப் பருவமழை தவறியது. சென்னை மாகாணத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து 2010இல் வெளியிடப்பட்ட ஆசிய வறட்சி வரைபடமும் அவ்வறட்சியின் பரப்பைக் காட்டுகின்றது. பழவேற்காட்டு ஏரியூடே செல்லும் பக்கிங்காம் கால்வாயில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி அப்பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டதே.

வானின் நிலையாமைக்கு நடுவே இம்மக்கள் போற்றிவரும் ஒழுங்கு ஒன்றுண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் ‘பாடு’ முறை, மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்தளிப்பது. நல்லிடம் ஒருவர்க்கே உரியதாக நிலைப்பதில்லை. ஆகவே வளம் மட்டுமன்றி வறட்சியும் பொதுவாகின்றது.

பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைகளில் அயலவர் பெயர்கள் செதுக்கப்பெற்று இன்றும் நிற்கின்றன. பஞ்சத்தில் கப்பலேறியோர்க்கு இக்கரையில் ஒரு நடுகல்லும் இல்லை. அந்த 1,900 பேர்க்கும் ஊரும் உறவும் மொழியும் இருந்தன. நெய்தலைப் பாடும் கவிஞர் அவர்களையும் தம் பாட்டில் நிறுத்துதல் வேண்டும்.