பேய்க்குள் இருந்த வலை

விரல் நுனியில் ஊசி குத்தியதும் அரும்புகிற ஒரு துளி இரத்தத்தில் பல கோடி சிவப்பணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் நடுவில் குழிந்த ஒரு வட்டத்தட்டு. குறுக்களவு சுமார் 8 மைக்ரான். தன் 120 நாள் வாழ்வில் அது தன்னைவிட மிகக் குறுகிய தந்துகிகளில் மடங்கி நுழைகிறது. வெளியே வந்ததும் பழைய வடிவை அடைந்துவிடுகிறது. ஆனால் அதன் மேலுறையாகிய சவ்வு, எண்ணெய்ப்படலம் போன்ற கொழுப்பால் ஆனது. கொழுப்புப் படலத்தில் புரதங்கள் மிதக்கின்றன என்று 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் விளக்கினர். மிதக்கிற படலம் இத்தனை நெரிசலையும் கிழியாமல் தாங்குவது எப்படி?

விடைக்கு முன், ஒரு நோயைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1871-இல் வான்லேர், மாசியஸ் என்னும் பெல்ஜிய மருத்துவர்கள் ஒரு நோயாளியின் இரத்தத்தில் தட்டுகளுக்குப் பதிலாகச் சிறு உருண்டைகளைக் கண்டனர். இந்நோய் குடும்பவழி வருவது. சோகை, மஞ்சள் காமாலை, மண்ணீரல் வீக்கம் ஆகியன இதன் அடையாளங்கள். இவ்வணுக்கள் நீர்த்த உப்புநீரில் எளிதில் வெடித்துவிடுவதைப் பிரெஞ்சு மருத்துவர் ஷோஃபார் 1907-இல் காட்டினார். மண்ணீரலை அறுத்து நீக்கினால் சோகை தீர்ந்தது. வியப்பு என்னவென்றால், அதன் பிறகும் அணுக்கள் உருண்டையாகவே இருந்தன! மண்ணீரல் பழுதான அணுக்களைப் பிடித்து அழித்ததே தவிர, பழுதை உண்டாக்கவில்லை. சிகிச்சைக்கும் விலை இருந்தது. மண்ணீரல் நீக்கப்பட்ட 5 பச்சிளங் குழந்தைகளுக்குக் கடுமையான நோய்த்தொற்றுகள் ஏற்பட்டதை 1952-இல் கிங், ஷூமேக்கர் என்ற அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டனர். அணுவில் பழுது எங்கே என்று அப்போது யாருக்கும் தெரியாது.

சிவப்பணுவைத் தூய நீரில் இட்டால் அது உப்பி, ஹீமோகுளோபின் வெளியேறி, வெளிறிய கூடு மட்டும் மிஞ்சும். ஆய்வாளர்கள் இக்கூட்டைப் 'பேய்' என்றே அழைப்பார்கள். 1968-இல் அமெரிக்காவில் மார்ச்செசி, ஸ்டீயர்ஸ் இருவரும் உப்புச்செறிவு மிகக் குறைந்த நீர்மத்தில் இப்பேய்களை ஊறவைத்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். பேயிலிருந்து வந்ததால், ஆவியுருவைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'ஸ்பெக்ட்ரின்' என்று பெயர் வைத்தனர். அறிவியலாருக்கும் நகைச்சுவை உண்டு!

1973-இல் யூ, ஃபிஷ்மன், ஸ்டெக் ஆகியோர் செய்த சோதனை மிக எளியது. சோப்புப் போன்ற ஒரு வேதிப்பொருளால் பேய்களைக் கழுவினர். கொழுப்பில் பெரும்பாலானது கரைந்தோடியது. ஆனால் அணுவின் வடிவம் கரையவில்லை! ஒரு புரதக்கூடு அப்படியே நின்றது. அதில் பெரும்பகுதி ஸ்பெக்ட்ரின்தான். சவ்வின் உட்புறத்தில் ஒரு வலை இருக்கிறது என்பது இதனால் விளங்கிற்று.

கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தால் தொய்கிறது, எழுந்தால் நிமிர்கிறது. அணுவிலே கயிறு ஸ்பெக்ட்ரின். தசைக்குள் நாம் அறிந்த ஆக்டின் இங்கே குட்டையான துண்டுகளாக இருந்து, முடிச்சாகப் பயன்படுகிறது. ஒவ்வொரு முடிச்சிலும் பெரும்பாலும் 6 கயிறுகள் சேருவதை 1985-இல் பையர்ஸும் பிராண்டனும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்தனர்.

சரி, வலை சவ்வோடு எப்படி ஒட்டியிருக்கிறது? 1979-இல் வான் பென்னட்டும் ஸ்டென்பக்கும் அந்த இணைப்புப் புரதத்தைப் பிரித்தெடுத்து, நங்கூரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் 'ஆங்கிரின்' என்றனர். அது ஒரு பக்கம் ஸ்பெக்ட்ரினையும், மறுபக்கம் சவ்வை ஊடுருவி நிற்கும் வேறொரு புரதத்தையும் பற்றிக்கொள்கிறது.

இனி அந்த உருண்டைகளுக்கு வருவோம். 1982-இல் பீட்டர் ஏக்ரே, பென்னட் முதலியோர் கடும் நோயாளிகளின் அணுக்களில் ஸ்பெக்ட்ரின் குறைந்திருப்பதைக் கண்டனர். (இதே ஏக்ரே பின்னர்ச் சிவப்பணுச் சவ்வில் நீர்க்கால்வாய்ப் புரதத்தைக் கண்டறிந்து 2003-இல் நோபல் பரிசு பெற்றார்.) பல குடும்பங்களில் பழுது ஆங்கிரின் மரபணுவிலே இருந்தது. கட்டு தளர்ந்தால் சவ்வு சிறு குமிழிகளாகக் கழன்று போகும். உள்ளிருக்கும் சரக்கு அவ்வளவாகக் குறையாது, உறை மட்டும் சுருங்கும். மிகக் குறைந்த பரப்பில் மிகுதியாக அடக்கக்கூடிய வடிவம் உருண்டைதானே? உருண்டை மடங்காது, மண்ணீரலின் குறுகிய இடுக்குகளில் சிக்கி அழிகிறது. 1871-இல் கேட்ட கேள்விக்கு நூறாண்டுக்கு மேல் கழித்து விடை கிடைத்தது. இன்று மருத்துவர்கள் குழந்தைக்கு ஆறு வயதாகும்வரை அறுவையைத் தள்ளிப்போடவும், முன்கூட்டியே தடுப்பூசி போடவும் முயல்கின்றனர்.

இவ்வலை சிவப்பணுவுக்கு மட்டுமே உரிய விந்தை என்று பலர் எண்ணியிருந்தனர். 1980-களின் தொடக்கத்தில் மூளையிலும் ஸ்பெக்ட்ரினின் உறவுப் புரதம் கிடைத்தது. 2013-இல் ஷாவ்வெய் ஜுவாங் குழுவினர் புதுவகை நுண்ணோக்கியால் நரம்பிழைகளைப் பார்த்தனர். உட்சுவர் நெடுகப் பீப்பாய்ப் பட்டைகள்போல் ஆக்டின் வளையங்கள்! வளையத்துக்கு வளையம் சுமார் 190 நானோமீட்டர். நீட்டிப் பிடித்த ஒரு ஸ்பெக்ட்ரின் கயிற்றின் நீளம் ஏறத்தாழ அதுவே.