விளக்கில் விடுபட்ட பெயர்



பெரிய ஓட்டல்களின் வரவேற்பறையில், வண்ணக் கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்துச் செய்த மேஜை விளக்கைப் பார்த்திருப்பீர்கள். டிஃபனி விளக்கு என்பார்கள். நியூயார்க்கில் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி (1848–1933) நடத்திய பட்டறையில் பிறந்தது அது. இன்று நாம் பார்ப்பவை பெரும்பாலும் அதன் நகல்கள்தான்.

எல்லாம் கைவேலை. ஒவ்வொரு கண்ணாடித் துண்டின் ஓரத்திலும் மெல்லிய செப்புத் தகட்டைச் சுற்றி, ஒன்றோடொன்று பற்றவைப்பார்கள். அடித்தண்டு வெண்கல வார்ப்பு. கடலும் குளமும் தோட்டமும் அவர்களுக்குப் பாடப்புத்தகம். சில விளக்குகளில் நாட்டிலஸ் என்ற கடலுயிரின் நிஜ ஓட்டையே மூடியாகப் பொருத்தினார்கள். தும்பி விளக்கில் இறக்கை நரம்புகள் உலோக வலைப்பின்னல். விஸ்டீரியா என்ற கொடிப்பூ விளக்கில் மட்டும் ஏறத்தாழ 2,000 கண்ணாடித் துண்டுகள்!

இதையெல்லாம் வரைந்தது யார்? நூறு ஆண்டுகளாக உலகம் சொன்ன பதில் "டிஃபனி". வங்கியில் ஒரு சின்ன வவுச்சரில்கூட எழுதியவர், சரிபார்த்தவர், பாஸ் செய்தவர் என எல்லோருடைய கையெழுத்தும் இருக்கும். அந்த விளக்குகளில் முதலாளியின் பெயர் மட்டும்தான் இருந்தது.

1892-இல் கண்ணாடி வெட்டும் ஆண் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, டிஃபனி பெண்களுக்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். அதன் தலைவி கிளாரா டிரிஸ்கால். தும்பி, விஸ்டீரியா இரண்டும் அவர் வடிவமைத்தவை. தும்பி விளக்கு 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் பரிசும் பெற்றது. ஆனாலும் 1903-இல் ஆண்களின் சங்கம் எதிர்த்ததால், அந்தப் பிரிவில் 27 பெண்களுக்கு மேல் கூடாது என்று வரம்பு வந்தது. திருமணமானால் வேலையும் போய்விடும். கிளாராவும் 1909-இல் மறுமணம் செய்துகொண்டார். டிஃபனி வேலை அத்தோடு முடிந்தது.

உண்மை எப்படி வெளிவந்தது தெரியுமா? கிளாரா தன் தாய்க்கும் சகோதரிகளுக்கும் வாரந்தோறும் பட்டறைச் செய்திகளைக் கடிதமாக எழுதியிருந்தார். அவற்றை ஆய்வாளர்கள் படித்துப் பார்த்த பிறகு, 2007-இல் நியூயார்க்கில் அவர் பெயரிலேயே ஒரு கண்காட்சி நடந்தது. அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது.

இதை எழுதக் காரணம் என் தவறு ஒன்று. சென்ற இதழில் நம் வளாகத்துப் பொங்கல் கோலத்தின் படத்துக்கு "சங்கம் சார்பில் கோலம்" என்று குறிப்பு எழுதிக் கொடுத்தவன் நான்தான். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, குனிந்த முதுகு நிமிராமல் போட்டவர்களின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. அவர்கள் யாரும் கேட்கவில்லை, கிளாராவும் கேட்கவில்லை.

கோலம் போட்டவர்கள் தயவுசெய்து உங்கள் பெயர்களை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அடுத்த இதழில் அதே படம், பெயர்களோடு வரும்.