பாக்கியும் வளர்ச்சியும்: பவானிக் கரையிலிருந்து ஒரு கடன் கணக்கு

ஓர் அரசின் கடன் தாங்கத்தக்கதா என்பதை அதன் தொகையைக் கொண்டு மட்டும் மதிப்பிட இயலாது. கடன் எவ்வளவு வேகமாக வளர்கிறது, பொருளாதாரம் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்னும் ஒப்பீடே அளவுகோல். கடன் ஆண்டுக்கு 10 சதவீதமும், விலை உயர்வையும் சேர்த்த உற்பத்தி 12 சதவீதமும் வளர்ந்தால், கடன் தொகை கூடினாலும் விகிதம் குறையும். வேகங்கள் இடம் மாறினால் சுமை ஏறும். இவ்வுறவைப் பொருளியலாளர் எவ்ஸி டோமர் 1944இல் கணக்காக வகுத்தார்.

தமிழ்நாட்டின் 2025–26 வரவுசெலவுத் திட்டம், 2026 மார்ச் இறுதியில் நிலுவைக் கடன் ஏறத்தாழ 9.30 லட்சம் கோடி ரூபாயாக, அதாவது மாநில மொத்த உற்பத்தியில் 26.07 சதவீதமாக இருக்கும் என மதிப்பிட்டது. இதற்கு முன், 2021இல் வெளியான வெள்ளை அறிக்கை பொதுக்கடனைக் குடும்பங்களுக்குப் பகிர்ந்து, ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் என்றது. ஆலை அதிபருக்கும் நிலமற்ற கூலிக்கும் ஒரே தொகையைக் காட்டும் சராசரி இது. இக்கடனைக் கேட்டு எவரும் வீட்டு வாசலில் நிற்பதில்லை.

வாசலில் வந்து நிற்கும் கடன் வேறு. இந்தியக் குடும்பங்களின் கடன் 2021 ஜூனில் நாட்டின் மொத்த உற்பத்தியில் 36.6 சதவீதமாகவும், 2024 ஜூனில் 42.9 சதவீதமாகவும் இருந்ததாக ரிசர்வ் வங்கி கூறுகிறது. அதாவது, வளர்ச்சியை விடக் குடும்பக் கடன் வேகமாக ஓடியிருக்கிறது. ஆனால் விசைத்தறிக் கூடத்தின் பாக்கி எந்த வங்கியின் ஏட்டிலும் ஏறுவதில்லை.

பாக்கி என்னும் கட்டு

ஜமக்காளத்துக்குப் பெயர் பெற்ற பவானிக்கு எதிரே, காவிரியின் மறுகரையில் இருக்கிறது விசைத்தறி நகரான குமாரபாளையம். இவ்விரு ஊர்களையும் ஆய்ந்த மானுடவியலாளர் கீர்ட் டி நீவ், 1999இல் வெளியிட்ட கட்டுரையில் 'பாக்கி' முறையை விரிவாகப் பதிவுசெய்தார். ஆளைத் தறியில் நிறுத்திவைக்க முதலாளி முன்பணம் தருகிறார். தொழிலாளியும் ஆள் தட்டுப்பாட்டைப் பயன்படுத்திக் கூடுதல் பாக்கி கேட்கிறார். வேறிடம் செல்ல விரும்பினால், புதிய முதலாளி பழைய பாக்கியை அடைக்க வேண்டும். முதலாளி மாறுகிறார், கடன் தொழிலாளியுடனேயே செல்கிறது.

கொங்குப் பண்ணைகளில் தலித் குடும்பங்கள் முன்பணத்தால் பண்ணையாட்களாகக் கட்டப்பட்டிருந்ததை ஜூடித் ஹேயரின் ஆய்வுகள் காட்டின. திருப்பூர் வட்டாரத்தில் அக்கட்டு வயலிலிருந்து விசைத்தறிக்கு இடம்பெயர்ந்ததை கிரேஸ் கார்ஸ்வெல்லும் டி நீவும் 2013இல் விளக்கினர். பின்னலாடைத் தொழில் வளர்ந்த அதே வட்டாரத்தில், விசைத்தறியில் வேலை செய்த தலித் தொழிலாளர்கள் முன்பணத்தில் சிக்கியிருந்தனர். வளர்ச்சி கடனை ஒழிக்கவில்லை; அதன் இடத்தை மாற்றியது.

அரசு பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் வாங்கலாம். கடனை விட உற்பத்தி வேகமாக வளர்ந்தால் விகிதம் தானே இறங்கும். தொழிலாளியும் புதுப் பாக்கியால் பழையதை அடைக்கிறார். ஆனால் அவர் ஈடாக வைப்பது தம் உழைப்பையும், வேலையை விட்டு விலகும் உரிமையையும். கூலி உயர்வு பாக்கியின் வேகத்தை எட்டாதவரை அந்த ஈடு மீளாது.

சட்டம் தரும் பிடி

1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம் இங்கு நேரடியாகப் பொருந்தும். அதன் 6ஆம் பிரிவு கொத்தடிமைக் கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பை நீக்குகிறது. 13ஆம் பிரிவு மாவட்ட, உட்கோட்ட அளவில் கண்காணிப்புக் குழுக்களைக் கோருகிறது. 15ஆம் பிரிவின்படி, அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் சுமை கடன் கொடுத்தவருடையது. கட்டாய உழைப்பு நிறுவப்பட்டால், அது முன்பணத்தின் பேரில் நிகழ்ந்ததாகவே கொள்ள வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1983இல் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் கூறியது.

ஆகவே களப்பணியாளர்களும் மாணவர்களும் தறிக்கூடந்தோறும் இரண்டு எண்களைக் கேட்டுப் பதிய வேண்டும்: ஐந்தாண்டுகளில் பாக்கி எவ்வளவு கூடியது, கூலி எவ்வளவு கூடியது? மாநிலக் கடனுக்குப் பொருந்தும் அளவுகோல் தொழிலாளியின் கடனுக்கும் பொருந்தும். அந்தப் பதிவு கண்காணிப்புக் குழுவின் மேசைக்குச் செல்லும்போது, தனிமனிதரின் கைமாற்றாகக் காட்டப்பட்ட பாக்கி சட்டம் விசாரிக்க வேண்டிய பொருளாகும்.