ஏழு நாள் பயணமும் நாலு மணி நேரமும்

நம் சங்கம் ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், நம் பெரியவர்கள் கடந்து வந்த தூரத்தையும் எண்ணிப் பார்க்கிறோம். அல்ஹம்துலில்லாஹ்.

ஜெராம், புக்கிட் ரோத்தான், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் சைக்கிளில் துணிமூட்டை கட்டி விற்றவர்களும், மளிகைக் கடை வைத்தவர்களும் கப்பலில் வந்தவர்கள்தாம். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா'வை நம் வீடுகளில் அறியாதவர் இல்லை. சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றி, பினாங்கு வழியாகப் போர்ட் சுவெட்டன்ஹம் வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம். காசு குறைந்தவர்களுக்கு டெக்கில் பாய் விரித்த இடமே அறை. கரையிறங்கிய பின் கோலசிலாங்கூருக்குக் கிள்ளான் வழியே இன்னும் சுமார் 50 கிலோமீட்டர்.

1972இல் அத்துறைமுகம் போர்ட் கிள்ளான் ஆனது. 1973இல் ரஜூலா ஓய்வு பெற்றது. அடுத்து ஓடிய 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின. அத்தோடு கப்பல் பயணமும் முடிந்தது.

இன்று கோலாலம்பூரிலிருந்து சென்னையோ திருச்சியோ, வான்வழியில் சுமார் 2,600 கிலோமீட்டர்தான். விமானம் ஏறினால் நாலு மணி நேரம். நம் கடிகாரம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. ஆகவே காலை 9 மணிக்குப் புறப்பட்டால் ஊர் நேரம் பத்தரைக்கு இறங்கிவிடலாம். 1982க்கு முன் அந்த வித்தியாசம் இரண்டு மணி நேரமாகத்தான் இருந்தது.

ஆனால் மவுத்துச் செய்தி வரும்போதுதான் தூரம் தெரிகிறது. கப்பல் காலத்தில் தந்தி வரும். ஊரில் அடக்கம் முடிந்திருக்கும். போய்ச் சேர முடியும் என்று யாரும் நினைத்ததில்லை. நாம் நினைக்கிறோம். நாகூரில் தாயார் வஃபாத்தான செய்தி இங்கே காலை ஆறரைக்கு வருகிறது என்று வையுங்கள். ஊரில் அப்போது மணி நாலு. விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம், அங்கே மூன்று, வானில் நாலு. அன்றே டிக்கெட் கிடைத்தாலும் திருச்சியில் இறங்க ஊர் நேரம் பகல் பன்னிரண்டரை. வெளியே வந்து மூன்று மணி நேரக் கார்ப் பயணம். வீடு சேர ஐந்து மணி. லுஹருக்கு அடக்கம் என்றால் முகம் பார்க்க முடியாது. அஸருக்கு என்றாலும் சந்தேகம்தான். மஃரிப் வரை வைத்திருந்தால் பார்க்கலாம்.

ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாது என்பது மார்க்கம். காத்திருக்கச் சொல்ல நமக்கு மனம் வருவதில்லை. போக முடியாதவர்கள் ஷாஃபிஈ மத்ஹபின்படி இங்கேயே காயிப் ஜனாஸா தொழுகிறோம். நம் பாட்டன்மாருக்கு இருந்த ஆறுதலும் அதுதான்.

ஆகவே இளைய தலைமுறைக்கு ஒரு வேண்டுகோள்: பெரியவர்கள் ஹயாத்தாக இருக்கும்போதே, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு ஊருக்குப் போய் வாருங்கள். கப்பலில் வந்து இம்மண்ணில் அடங்கிய அனைவருக்கும் துஆச் செய்யுங்கள். ஆமீன்.