பட்டை உரித்த காட்டில் ஓர் ஏரி

ஜார்ஜியா மாநிலத்தின் வடகோடியில், பிளட் மவுண்டன் அடிவாரத்தில், 233 ஏக்கரில் வோகல் மாநிலப் பூங்கா இருக்கிறது. 1931 முதல் இருந்துவரும் இது அம்மாநிலத்தின் மிகப் பழைய பூங்காக்களில் ஒன்று. ஏறத்தாழ 20 ஏக்கரில் ஓர் ஏரி, சுற்றிலும் மரவீடுகள், தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் மலை. இலையுதிர் காலத்தில் காடு சிவந்து மஞ்சளாகும்போது அட்லாண்டாவிலிருந்து கார்கள் வரிசைகட்டி வருகின்றன. அப்பலாச்சியன் மலைத்தொடர் முழுக்க இப்படிப்பட்ட சிறு ஏரிப் பூங்காக்கள் உண்டு. எல்லாவற்றையும் பற்றி மக்கள் மனத்தில் இருக்கும் எண்ணமும் ஒன்றுதான்: ஆதிகாலம் தொட்டு அப்படியே இருந்த காட்டில் ஒரு துண்டை யாரோ நல்லவர்கள் கோடரிக்குத் தப்பவைத்து நமக்கு விட்டுச்சென்றார்கள். வோகலின் வரலாற்றைப் புரட்டினால் இந்த எண்ணம் நிற்காது. ஒரு தொழில் தின்றுமுடித்துக் கைகழுவிய காட்டின்மேல், பஞ்சகாலத்துக் கூலியாட்கள் புதிதாகக் கட்டி எழுப்பிய இடம் இது. கட்டியது தெரியாதபடி கட்ட வேண்டும் என்பதும் அப்போதே போட்ட திட்டம்.

முதல் சாட்சி ஏரிதான். தெற்கு அப்பலாச்சியன் மலைகளில் இயற்கை ஏரி இல்லை என்றே சொல்லிவிடலாம். வட அமெரிக்காவின் ஆயிரக்கணக்கான ஏரிகளைக் குடைந்துவிட்டுப் போனவை பனியுகத்துப் பனிப்பாளங்கள். அவை பென்சில்வேனியா, ஒஹையோ பக்கத்தோடு நின்றுவிட்டன, ஜார்ஜியாவை எட்டவே இல்லை. வர்ஜீனியாவில் மவுண்டன் லேக் என்று ஒரு விதிவிலக்கு உண்டு. அதுவும் 2008-ல் ஏறக்குறைய வற்றிப்போனது. ஆகவே இந்த மலைகளில் எங்காவது ஒரு பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நின்றால், கீழே அணை இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வோகலில் உல்ஃப் கிரீக் என்ற ஓடையை மறித்து 1930-களில் அணை கட்டினார்கள். மக்கள் நின்று படமெடுக்கும் டிராலிட்டா அருவி அந்த அணையைத் தாண்டி வழியும் நீர்தான்.

காட்டின் கதை இன்னும் நீளமானது. பூங்காவின் பெயரிலுள்ள வோகல் ஜார்ஜியாக்காரர் அல்லர். மில்வாக்கி நகரில் ஜெர்மானியக் குடியேறிகள் தொடங்கிய ஃபிஸ்டர் அண்ட் வோகல் என்ற தோல் பதனிடும் நிறுவனத்தின் குடும்பப் பெயர் அது. பச்சைத் தோலை அழுகாமல் காப்பது டானின் என்னும் துவர்ப்புச் சத்து. நம் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டை செய்த வேலையை அங்கே ஹெம்லாக், ஓக் மரப்பட்டைகள் செய்தன. பட்டைக்காகவே அந்த நிறுவனம் வட ஜார்ஜிய மலைகளில் பல்லாயிரம் ஏக்கரை வாங்கிப்போட்டது. பட்டைத் தொழிலின் முறை கொஞ்சம் கொடூரமானது. மரத்தில் நீர் ஏறும் வசந்த காலத்தில்தான் பட்டை எளிதாகக் கழன்றுவரும். அப்போது மரத்தைச் சாய்த்து, சுற்றிலும் வளையம் வளையமாக வெட்டி, பட்டையை நெம்பி எடுப்பார்கள். சாலையில்லாத மலைச்சரிவுகளில் அடிமரத்தைத் தூக்கிவரச் செலவு கட்டாது. பல இடங்களில் அதை அப்படியே மக்க விட்டுவிடுவார்கள். மரம் போய்விடும், மண் சரியும், ஓடை கலங்கும்.

பிறகு தொழிலே மாறியது. அகஸ்டஸ் ஷூல்ஸ் என்பவர் 1884-ல் நியூயார்க்கில் குரோமியம் உப்பால் தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பட்டைத் தொட்டியில் மாதக்கணக்கில் ஊறவேண்டிய தோல் குரோமில் சில நாட்களிலேயே தேறிவிடும். முதல் உலகப் போருக்குப் பின் செயற்கைப் பதனிடு பொருள்களும் சேர்ந்துகொள்ள, ஜார்ஜிய மலைப்பட்டையை மில்வாக்கி வரை ஏற்றிச்செல்ல வேண்டிய தேவை அற்றுப்போனது. 1920-களின் கடைசியில் ஃப்ரெட் வோகலும் ஆகஸ்ட் வோகலும் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியை மாநிலத்துக்குத் தானமாகக் கொடுத்தார்கள். தானம் தானம்தானே, அதைக் குறைசொல்லலாமா என்று கேட்கலாம். குறைசொல்லவில்லை. அதே மலைகளில் பலர் கடைசிச் சென்டையும் பேரம்பேசி விற்றுக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் சும்மா கொடுத்தது நல்ல செயல்தான். ஆனால் எப்போது கொடுத்தார்கள் என்பதும் வரலாற்றில் ஒரு பகுதி. பட்டைக்கு விலை இருந்தவரை அந்தக் காடு ஆலையின் கச்சாப்பொருள் கிடங்கு; விலை போனபின் பூங்கா. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பொதுக்காடுகள் பலவும் இந்த வழியாகவே வந்தன. 1911-ன் வீக்ஸ் சட்டப்படி கூட்டரசு வாங்கிய நிலத்தில் பெரும்பகுதி வெட்டி முடித்த காடு. பூங்காவைச் சூழ்ந்திருக்கும் சாட்டஹூச்சி தேசிய வனமும் அப்படிச் சேர்ந்ததே.

இந்த வெற்று நிலத்துக்கு ஆட்கள் வந்தது 1933-க்குப் பிறகு. பெரும் பொருளாதார மந்தத்தில் வேலையற்றுக் கிடந்த இளைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் தொடங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற வேலைப்படை இங்கே முகாம் போட்டது. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும், மீதி 5 டாலர் கையில். உணவும் உடையும் முகாமில். 1942-ல் கலைக்கப்படும்வரை நாடெங்கும் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இதில் வேலை செய்தார்கள். வோகலில் அணை, ஏரி, கல்லும் மரமும் சேர்ந்த வீடுகள் எல்லாம் அவர்கள் கைவேலை. மேலே நீல் கேப் கணவாயில் அவர்கள் கட்டிய வலாசி-யீ என்ற கல்வீட்டின் நடுவழியாகத்தான் அப்பலாச்சியன் நெடும்பாதை இன்றும் செல்கிறது.

அவர்கள் கட்டிய பாணியை இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன தவறான எண்ணத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். மாநிலப் பூங்காக்களில் இந்தப் படையின் வேலையைத் தேசியப் பூங்காச் சேவை மேற்பார்த்தது. ஆல்பர்ட் குட் தொகுத்து 1935-ல் அச்சேறிய அதன் வடிவமைப்பு நூல் கட்டடம் இயற்கைக்கு அடங்கி இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. அந்தந்த இடத்துக் கல், பட்டை நீக்கிய முழுத்தடி, தாழ்ந்த கூரை, கோணல்மாணலான விளிம்பு: நேற்று கட்டியது என்றைக்கோ முளைத்ததுபோல் தெரிய வேண்டும். அந்தக் கலை வென்றது. வென்றதனாலேயே உழைப்பு கண்ணிலிருந்து மறைந்தது. பூங்காவில் இந்தப் படைக்கென்று ஒரு சிறிய அருங்காட்சியகம் இருப்பது நல்ல விஷயம். வீட்டைக் கட்டியவர்கள் யார் என்று அங்கே போனால் தெரியும். ஏரியைப் பார்த்தால் தெரியாது.

மறைந்த வேறு சிலருக்கு அந்த அளவு நினைவும் இல்லை. ஏரிக்கும் அருவிக்கும் வைத்த டிராலிட்டா என்ற பெயர் ஒரு செரோக்கி இளவரசியுடையது என்பார்கள். மாய ஊற்றின் நீரைக் குடித்து இளமை குன்றாமல் இருந்தாளாம். அவள் மறுத்த காதலன் அவளைக் கவர்ந்து சென்றானாம். ஊற்றைப் பிரிந்தவள் வாடிச் செத்தாளாம். டலோனகாவுக்கு வடக்கே சாலைச் சந்திப்பில் ஒரு கற்குவியலை அவள் சமாதி என்று காட்டுகிறார்கள். கதை அழகுதான். ஆனால் அந்த மலைகளிலிருந்து செரோக்கியர் மறைந்ததற்குக் காரணம் ஊற்றைப் பிரிந்த துக்கம் இல்லை. 1828-29 வாக்கில் டலோனகாப் பக்கம் தங்கம் கிடைத்தது. 1832-ல் ஜார்ஜியா அரசு செரோக்கியர் நிலத்தை 160 ஏக்கர் மனைகளாகவும், தங்கம் கிடைக்கும் பகுதிகளில் 40 ஏக்கர் மனைகளாகவும் துண்டுபோட்டு, வெள்ளையருக்குக் குலுக்கல் முறையில் கொடுத்தது. பூங்கா இருக்கும் யூனியன் கவுண்டியே அந்த ஆண்டில் உருவானது. அதே ஆண்டு செரோக்கியருக்கு ஆதரவாக உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை ஜார்ஜியா மதிக்கவில்லை. 1838-ல் ராணுவம் அவர்களைத் திரட்டி மேற்கே துரத்தியது. ஏறத்தாழ 16,000 பேர் போனார்கள். சுமார் 4,000 பேர் இறந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

நாட்டுப்புறக் கதையோடு இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டுமா என்று ஒருவர் கேட்டால், கேள்வி நியாயமே. கதைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன, யாரும் அவற்றைச் சான்றாவணமாகப் படிப்பதில்லை. ஆனால் காதல் தோல்வியால் ஒருத்தி செத்த கதை, குலுக்கல் சீட்டால் ஒரு மக்கள் கூட்டம் வெளியேறிய கதையின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்போது அது வெறும் கதையாக இருப்பதில்லை. பூங்கா 'எல்லோருக்கும்' என்பதற்கும் இதே கேள்வி உண்டு. ஜார்ஜியாவின் மாநிலப் பூங்காக்கள் இனப் பிரிவினைக்கு உட்பட்டிருந்தன. கறுப்பின மக்களுக்கென்று முதல் பூங்கா, அல்லட்டூனா ஏரிக்கரையில் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் பெயரில், 1950-ல்தான் வந்தது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மனிதன் அணை கட்டினான், சரி. காடு தானாகத்தானே மீண்டும் வளர்ந்தது? வளர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் வளர்ந்தது பழைய காடு இல்லை. 1904-ல் நியூயார்க் மிருகக்காட்சி சாலையில் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய், சில பத்தாண்டுகளில் சுமார் 400 கோடி செஸ்ட்நட் மரங்களைக் கொன்றது. இந்த மலைகளில் சில பகுதிகளில் நாலில் ஒரு மரம் செஸ்ட்நட்டாக இருந்தது. மான்கள் அற்றுப்போயிருந்தன. பக்கத்து சூச்சஸ் ஊரின் வனக்காவலர் ஆர்தர் வுடி 1920-களில் குட்டிகளைக் கொண்டுவந்து வளர்த்து விட்ட பிறகே மான் திரும்பியது. எந்த மரத்தின் பட்டைக்காக வோகல் கம்பெனி வந்ததோ அந்த ஹெம்லாக்கை, ஆசியாவிலிருந்து வந்து 2000-களில் ஜார்ஜியாவை எட்டிய ஒரு சிறு பூச்சி இப்போது சாறுறிஞ்சிக் கொல்கிறது. வேரில் மருந்து ஊற்றிய மரங்கள் பிழைக்கின்றன, மற்றவை பட்டுப்போகின்றன.

அதனால் 'கை படாத காடு' என்ற எண்ணத்தால் நடைமுறையில் தீங்கும் உண்டு. இயற்கை தந்தது என்று நினைத்தால், அதற்குச் செலவழிக்க மனம் வராது. அணை பழுதுபார்க்கப்பட வேண்டும், ஏரியில் வண்டல் படியும், மரத்துக்கு மருந்து வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சட்டமன்றம் பணம் ஒதுக்க வேண்டும். தொழில் அழித்ததை அரசுப் பணமும் ஏழை இளைஞர்களின் உழைப்பும் பத்தே ஆண்டுகளுக்குள் ஓரளவு திருப்பித் தந்தன என்பதுதான் வோகல் சொல்லும் செய்தி. என் கணக்கில் அது தீண்டப்படாத காட்டைவிடப் பெரிய சாதனை. டிராலிட்டா என்ற பெயரை மாற்ற வேண்டியதில்லை. ஏரிக்கரைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் அந்தப் பெயரோடு 1832-ன் நிலக் குலுக்கலையும் மில்வாக்கிப் பட்டை வணிகத்தையும் 30 டாலர் சம்பளத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியது பூங்காவை நடத்துகிறவர்களின் பொறுப்பு.