அம்மோனியா கரைசல்

பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் உப்புப் பகுப்பாய்வுக்குப் பயன்படும் நிறமற்ற காரக் கரைசல். கடையில் வரும் அடர் கரைசலில் எடைக்கணக்கில் சுமார் 25 முதல் 30 விழுக்காடு அம்மோனியா இருக்கும். நீர்த்ததே கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். அடர் கரைசலோ தோலைப் புண்ணாக்கிவிடும்.

வம்பு பெரும்பாலும் மூடியில்தான். கோடையில் சூடேறிய பாட்டிலுக்குள் வாயு அழுத்தம் கூடிக் கிடக்கும். அவசரமாகத் திருகினால் முகத்தில் பீறிடும். முதலில் பனிக்கட்டி நீரில் குளிரவைத்து, பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, புகை உறிஞ்சும் கூண்டுக்குள் மெல்லத் திறக்க வேண்டும். மோந்து பார்ப்பது கூடவே கூடாது.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பாட்டில்களின்மேல் வெள்ளைப் பொடி படியும். அது அம்மோனியம் குளோரைடு. அலமாரி தவறு என்பதற்கு அதுவே சாட்சி. அம்மோனியா அயோடினுடன் சேர்ந்தால் உண்டாகும் கரும் வீழ்படிவு, காய்ந்தபின் இறகு பட்டாலே வெடிக்கும்.

கண்ணில் தெறித்தால் உடனே குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.