செரிமான நொதிகள்: மருந்து யாருக்குத் தேவை?

பெருநாள் விருந்துக்கு மறுநாள் வயிறு மந்தமானால், மருந்துக்கடையில் 'என்சைம் சிரப்' வாங்கிக் குடிப்பது நம் வீடுகள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று நாம் பார்ப்பதில்லை.

என்சைம் என்றால் நொதி. கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காயை அரைத்துத் தடவுகிறோமே, அதிலுள்ள பப்பாயின் ஒரு நொதிதான்; இறைச்சியின் புரதத்தை அது உடைக்கிறது. நம் உடலுக்குள்ளும் இதே வேலை நடக்கிறது. எச்சிலில் உள்ள அமைலேஸ் மாவுச்சத்தை உடைக்கத் தொடங்குகிறது. சோற்றை நன்றாக மென்றால் லேசாக இனிப்பது அதனால்தான். இரைப்பையில் பெப்சின் புரதத்தை உடைக்கிறது. பெரும்பங்கு கணையத்துக்கு உரியது. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றையும் செரிக்கும் நொதிகளை அது சிறுகுடலுக்கு அனுப்புகிறது.

நல்ல கணையம் தேவைக்கு மேலாகவே நொதிகளைச் சுரக்கும். விருந்துக்குப் பின் வரும் மந்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் உணவின் அளவுதான். ஒரு வேளை குறைத்துச் சாப்பிட்டாலே சரியாகிவிடும்.

பால் குடித்தால் வயிறு உப்புவது வேறு கதை. பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நம்மில் பலருக்கு வயது ஏற ஏறக் குறைந்துவிடுகிறது. அவர்களுக்கும் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவர்களுக்கோ நொதி மருந்து அவசியமாகலாம். மலம் எண்ணெய்ப் பசையோடும் கடும் நாற்றத்தோடும் போவதும், உடல் எடை குறைவதும் அதன் அறிகுறிகள். இதற்குத் தரப்படும் பான்கிரியாட்டின் பெரும்பாலும் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது. சிரப்புகளில் சேரும் பெப்சினும் பொதுவாகப் பன்றியின் இரைப்பையிலிருந்து வருவதுதான். பூஞ்சையிலிருந்து கிடைக்கும் 'ஃபங்கல் டயஸ்டேஸ்', பப்பாயின் ஆகியவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் கணையம் பழுதானவருக்கு அவை ஈடாகாது.

மாற்று மருந்து இல்லாத நிர்ப்பந்தத்தில் இத்தகைய மருந்தை ஆலிம்கள் பலர் அனுமதிக்கிறார்கள். எனவே விவரம் தெரிந்ததும் யாரும் தாமாக நிறுத்திவிட வேண்டாம். நிறுத்தினால் கொழுப்போடு சேர்ந்து ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடலில் சேராமல் போகும். மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். சாதாரண மந்தத்துக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. பாட்டிலின் லேபிளில் பெப்சின் என்றிருந்தால் அதன் மூலத்தைக் கேட்டுப் பாருங்கள்.

பான்கிரியாட்டினை உணவோடுதான் விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் பயனில்லை. மருத்துவர் அனுமதித்து நோன்பு வைப்பவர்கள் சஹர், இஃப்தார் உணவுகளோடு சேர்த்து எடுத்துக்கொள்ளலாம்.